நெய்வேலி டைரி: அன்று கணக்கு, இன்று மனசு

2020 செப்டம்பரில் நெய்வேலியின் பழைய வாழ்க்கையிலிருந்து இரண்டு விஷயங்கள் விடைபெற்றன. ஒன்று ஊரே அறிந்தது. சோவியத் ஒத்துழைப்போடு எழுந்து, 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கிய 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம் அந்த மாதக் கடைசியோடு ஓய்ந்தது. மற்றதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அதே மாதம் 2-ஆம் தேதி மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை ஓர் உத்தரவு போட்டது. அமைச்சகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள், பொதுத்துறை வங்கிகள் எதுவும் இனி காலண்டரோ டைரியோ அச்சடிக்க வேண்டாம், எல்லாவற்றையும் டிஜிட்டலில் பார்த்துக்கொள்ளலாம் என்றது அது.

டெல்லிக்கு அது ஒரு சிக்கன நடவடிக்கை. பொதுத்துறையை நம்பியே எழுந்த ஓர் ஊருக்கு அது ஒரு பழக்கத்தின் முடிவு. டிசம்பர் கடைசி வாரம் வந்தால் டவுன்ஷிப்பில் டைரி நடமாட்டம் தொடங்கிவிடும். ஆபீஸ் டைரி, பாங்க் டைரி, எல்.ஐ.சி. ஏஜென்ட் கொடுத்தது, காண்ட்ராக்டர் கொண்டுவந்து வைத்தது என்று ஒரு வீட்டில் நாலைந்து சேரும். "உங்ககிட்ட எக்ஸ்ட்ரா டைரி இருக்கா?" என்று பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் கேட்பதும், நல்ல தாள் உள்ளதை ஒளித்து வைத்துவிட்டு மற்றதை எடுத்துக் கொடுப்பதும் நடக்கும். ஊரில் இருந்த மச்சானுக்கு ஒன்று, டியூஷன் வாத்தியாருக்கு ஒன்று என்று போக, மிஞ்சிய ஒன்றில்தான் அந்த வீட்டின் ஓர் ஆண்டு எழுதப்பட்டது.

கேஸ் வந்தது, மழை பெய்தது

அந்த டைரியில் என்ன இருக்கும்? எண்பதுகளிலோ தொண்ணூறுகளிலோ ஒரு சுரங்கத் தொழிலாளி எழுதிய பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "செகண்ட் ஷிப்ட். ஓ.டி. இல்லை. பால் ஒன்றரை. கேஸ் வந்தது. ஊரிலிருந்து கடிதம், பதில் போட வேண்டும். சைக்கிள் டயர் மாற்றியது. சாயந்திரம் மழை."

அவ்வளவுதான். இதில் எங்கேயும் 'நான்' கிடையாது. கடிதத்தில் என்ன சேதி, படித்தபோது மனசு என்ன பாடுபட்டது என்பதற்கு ஒரு சொல்லும் கிடையாது. ஆனால் அந்தப் பக்கத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. குடும்பம் அதை நம்பித்தான் நடந்தது.

"என்னங்க, போன தடவை கேஸ் எப்ப வந்துச்சு?"

"டைரியப் பாரு."

"சின்னவனுக்கு ஊசி போட்டது எந்த மாசம்?"

"அதுவும் டைரியிலதான் இருக்கு."

சீட்டுப் பணம், பால் கணக்கு, பள்ளிக்கூட ஃபீஸ், பொங்கலுக்கு யாருக்கு என்ன எடுத்தது, கைமாற்றாகக் கொடுத்தது எவ்வளவு, எல்லாம் அதில் ஏறும். முன்பக்கம் ஆணுடையது என்றால் பின்பக்கம் பெண்ணுடையது. 15 புள்ளி 8 வரிசைக் கோலங்கள், மாங்காய் ஊறுகாய்க்கு அளவு, தங்கச்சி கல்யாணத்துக்கு வந்த மொய், ஏதாவது ஒரு பத்திரிகையிலிருந்து எழுதிவைத்த கைவைத்தியம். வருஷம் முடிந்த டைரியின் காலிப் பக்கங்கள் பிள்ளைகளின் ரஃப் நோட்டாகும். ஒரே டைரியில் அப்பாவின் ஷிப்டும் அம்மாவின் கோலமும் மகளின் அல்ஜீப்ராவும் அடுத்தடுத்துக் கிடக்கும்.

மனசு மட்டும் அதில் ஏறாததற்குக் காரணம், அந்தத் தலைமுறைக்கு மனசு இல்லை என்பதல்ல. அந்த டைரி பொதுச் சொத்து. டிவி மேலோ ஜன்னல் திண்டிலோ கிடக்கும். யார் வேண்டுமானாலும் புரட்டலாம். இரண்டு அறை குவார்ட்டர்ஸில் பூட்டு போட்ட மேஜை டிராயர் எத்தனை பேருக்கு இருந்தது? மாமியார் இருக்கும் வீட்டில் ஒரு மருமகள் தன் வருத்தத்தை எழுதிவைக்க முடியுமா? அதிகாரி திட்டியதை எழுதிவைத்து அதைப் பிள்ளைகள் படித்தால் என்ன ஆவது? எழுத நினைத்தவர்களுக்கும் எழுத இடம் இல்லை. 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. முந்திரியும் பலாவும் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. டைரியில் வருஷம் முடிய ஒரு பக்கமே பாக்கி இருந்த நாள் அது. அன்றைய பக்கமும் "புயல். வாசல் மா விழுந்தது" என்ற அளவில்தான் முடிந்திருக்கும். இருபது வருஷம் வளர்த்த மரம் என்பதும், அடுத்த மே மாதம் ஊறுகாய்க்கு என்ன செய்வது என்று மனைவி கண் கலங்கியதும் பக்கத்துக்கு வெளியே நின்றுவிட்டன.

எழுதியே பிழைத்த ஊர்

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எழுதுவதை வேலையின் பாதியாக வைத்திருந்த ஊர் நெய்வேலி.

ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு வந்த பழுப்புப் பொருளைக் கவனித்து அரசுக்குத் தெரியப்படுத்தியதில் தொடங்குகிறது இந்த ஊரின் கதை. அந்தப் பழுப்பு நிலக்கரியை வெட்டி எடுக்க 1956-ல் ஒரு பொதுத்துறை நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது. நிலக்கரிப் படிவத்துக்கு மேலே கடினமான கடலூர் மணற்பாறை, கீழே அழுத்தத்தோடு முட்டிக்கொண்டிருக்கும் ஊற்றுநீர். அந்த நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை நிற்கும். பம்ப் ஓடுகிறதா, எது நின்றது, எத்தனை மணிக்கு நின்றது, யார் சரிசெய்தார் என்பதை ஒரு ஷிப்டும் விடாமல் எழுதியாக வேண்டும்.

நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகள் இதைச் சட்டமாகவே வைத்திருக்கின்றன. பொறுப்பில் இருப்பவர் தன் ஷிப்டில் பார்த்ததைத் தைத்த, பக்க எண் போட்ட புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து போட வேண்டும். பக்கத்தைக் கிழித்தால் எண் காட்டிக்கொடுத்துவிடும். அனல்மின் நிலையத்தின் கன்ட்ரோல் ரூமிலும் இதே கதைதான். மணிக்கொரு ரீடிங். ஷிப்ட் மாறும்போது போகிறவர் எழுதிவைத்ததை வருகிறவர் படித்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். என்ன ஓடுகிறது, என்ன நின்றது, ஏன் நின்றது, என்ன செய்தோம், அடுத்த ஷிப்டுக்கு என்ன பாக்கி என்று சுருக்கமாக இருக்கும் அந்த லாக்புக் குறிப்பு. "நேற்று ராத்திரி ரெண்டாம் நம்பர் பம்ப்பில் சத்தம் வந்தது, கவனிக்கவும்" என்ற ஒரு வரி மறுநாள் ஒரு விபத்தைத் தடுத்துவிடும்.

எந்திரங்கள் விஷயத்தில் திரும்பிப் பார்ப்பதன் பலனை இந்த ஊருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நினைவை நம்பாதே, எழுது, எழுதியதைப் படி, படித்ததை வைத்து நாளைக்கு மாற்று என்பது அங்கே சாப்பாட்டு நேரம் மாதிரி பழகிப்போன ஒழுங்கு. ஆனால் அந்த ஒழுங்கு கேட் தாண்டி வீட்டுக்கு வரவில்லை. பாய்லரின் சூட்டை மணிக்கொரு தரம் குறித்தவர் தன் ரத்தக் கொதிப்பை ஒரு நாளும் குறித்ததில்லை. பம்ப்பின் சத்தத்தை எழுதியவர் பத்தாம் வகுப்பு மகன் ஒரு வாரமாகப் பேசாமல் இருந்ததை எழுதவில்லை.

ஷிப்ட் வாழ்க்கைக்கு அந்த ஒழுங்கு கூடுதலாகவே தேவைப்பட்டது. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி என்று சுழலும்போது ஞாயிறும் புதனும் ஒன்றாகிவிடும். பிள்ளைகள் விழித்திருக்கும்போது அப்பா தூங்குவார். அவர் விழிக்கும்போது வீடு தூங்கும். எந்த வாரம் என்ன நடந்தது என்பதே கலங்கிப்போகும் வாழ்க்கையில், "நைட் ஷிப்ட். தூக்கம் இல்லை" என்ற நாலு சொல்லாவது அந்த நாளை மற்ற நாளிலிருந்து பிரித்துக் காட்டின.

வீட்டைத் திருப்பிக் கொடுக்கும் நாள்

மற்ற ஊர்க்காரர்களுக்கு எளிதில் புரியாத இன்னொன்று நெய்வேலியில் உண்டு. இங்கே யாருக்கும் சொந்த வீடு இல்லை. முப்பது, முப்பத்தைந்து வருஷம் வாழ்ந்து, வாசலில் வேம்பு வைத்து, பின்கட்டில் முருங்கை வைத்து, பிள்ளைகளின் உயரத்தைச் சுவரில் கோடு போட்டுக் குறித்த குவார்ட்டர்ஸை, ஓய்வு பெற்றதும் சாவியோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுத்து வருகிறவர் சுண்ணாம்பு அடித்தால் அந்தக் கோடுகளும் போய்விடும். வடலூர், பண்ருட்டி, கடலூர், புதுச்சேரி, சென்னை என்று ஆளுக்கொரு பக்கம் கிளம்புவார்கள். வேன் ஏற்றும் நாளில் எதை எடுப்பது, எதை விடுவது என்ற பஞ்சாயத்தில் முதலில் பழைய பேப்பர்காரரிடம் போவது டைரிக் கட்டுதான். இருபது, முப்பது வருஷக் குடும்ப வரலாறு எடை போட்டுப் போகும்.

சுரங்கம் விரிய விரிய நிலத்தை இழந்த கிராமத்தார் நிலை இதைவிடக் கடினம். அவர்களுக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கச் சுவர்கூட இல்லை. குளம் இருந்த இடம், ஐயனார் கோயில் இருந்த இடம், களத்துமேடு எல்லாம் நூறடிக்கும் கீழே இறங்கிய பள்ளம். புளியமரத்தடியைக் காட்டி "இங்கேதான் உங்க தாத்தா உட்காருவார்" என்று பேரனுக்குச் சொல்ல அந்த மரமும் இல்லை, அந்த மண்ணும் இல்லை. நினைவைப் பிடித்து வைக்க மற்ற ஊர்களில் தெருவும் திண்ணையும் உதவும். நெய்வேலியில் தெரு நிறுவனத்துடையது, மண் சுரங்கத்துடையது. எழுதிவைத்த காகிதம் ஒன்றுதான் ஆளோடு கூட வரும்.

ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அந்தக் காகிதம் இன்னும் நேரடியான துணை. தொழிலாளர் சட்டம் பல இடங்களில் நாள் கணக்கில்தான் பேசுகிறது. ஆண்டுக்கு 240 நாள் வேலை செய்தவரா இல்லையா என்பதில் ஒருவரின் உரிமையே நிற்கும். எந்தத் தேதியில் எந்தக் காண்ட்ராக்டரிடம், எந்த இடத்தில் வேலை என்று தன் கைப்பட எழுதிவைத்தவருக்குப் பேச ஒரு பிடி இருக்கும்.

கூப்பிடு தூரத்தில் இரண்டு முன்னோடிகள்

நிகழ்ச்சியையும் மனசையும் ஒரே பக்கத்தில் எழுதுவது தமிழுக்குப் புதிதா? நெய்வேலியிலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரக்கூடிய புதுச்சேரியில்தான் ஆனந்தரங்கப் பிள்ளை வாழ்ந்தார். 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கி, 1761 ஜனவரியில் இறக்கும் காலம்வரை ஏறக்குறைய கால் நூற்றாண்டு எழுதினார். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். கப்பல் வந்தது, சரக்கு என்ன விலை போனது, கோட்டைக்குள் யார் யாரோடு பேசினார்கள் என்பவற்றோடு தனக்கு நேர்ந்த அவமானம், தான் பட்ட பயம், கண்ட சகுனம் எல்லாவற்றையும் எழுதினார். 1748-ல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதை எழுதும் இடத்தில் சம்பவமும் இருக்கிறது, அதைத் தடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்த மனிதரின் வேதனையும் இருக்கிறது. டூப்ளேயின் காலத்தை அறிய இன்றும் வரலாற்றாசிரியர்கள் அந்தக் குறிப்புகளைத் தேடிப் போவது அதனால்தான். சென்னை அரசு 1904 தொடங்கி 1928 வரை அதை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தது.

இன்னொரு முன்னோடி அதைவிடக் கிட்டத்தில், பக்கத்து ஊரான வடலூரில். வள்ளலார் 1867-ல் தருமசாலையையும் 1872-ல் ஞானசபையையும் அங்கே நிறுவினார். அதற்கு வெகுமுன்பே, 1854-ல் வெளிவந்த அவருடைய 'மனுமுறை கண்ட வாசகம்' உரைநடையில் ஒரு கட்டம் வரும். மகன் ஓட்டிய தேரால் கன்று இறந்ததைக் கேட்ட மன்னன், தான் என்னென்ன பிழை செய்ததால் இப்படி நேர்ந்தது என்று தன்னைத் தானே அடுக்கடுக்காகக் கேட்டுக்கொள்கிறான். ஒருவன் தன் நடத்தையை வரி வரியாக எடுத்துப் பார்க்கும் அந்தப் பட்டியலை இன்றும் பலர் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அவர் எழுதிய 'நித்திய கரும விதி' காலை எழுவது முதல் இரவு படுப்பது வரை ஒரு நாளை எப்படிக் கவனத்தோடு கழிப்பது என்று சொல்கிறது. தைப்பூசத்துக்கு நெய்வேலியே திரண்டு வடலூர் போகும். தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் பழக்கத்தைத் திரும்பி வரும்போது கூட்டி வந்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

இன்று: பூட்டு வந்தது, கணக்கு போனது

இப்போது டவுன்ஷிப்பில் காட்சி மாறிவிட்டது. 2016-ல் நிறுவனத்தின் பெயர் என்.எல்.சி. இந்தியா ஆனது. பழைய மின்நிலையத்தின் இடத்தை 500 மெகாவாட் யூனிட்கள் இரண்டு கொண்ட புதிய நிலையம் எடுத்துக்கொண்டது. முள் காட்டும் மீட்டரைப் பார்த்துக் கையால் ரீடிங் எடுக்கும் காலம் போய், கம்ப்யூட்டரே நொடிக்கு நொடி பதிந்துகொள்கிறது.

வீட்டிலும் அதேதான். பால் கணக்கை யு.பி.ஐ. வைத்திருக்கிறது. கேஸ் எப்போது வந்தது என்பதற்கு எஸ்.எம்.எஸ். இருக்கிறது. எங்கே போனோம் என்பதை மேப்ஸ் சொல்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் இதே நாளில் எடுத்த படத்தை ஃபேஸ்புக்கே எடுத்து நீட்டுகிறது. அப்பாவின் டைரி செய்த வேலை அத்தனையையும் போன் கேட்காமலே செய்துவிடுகிறது.

கூடவே, அப்பாவுக்குக் கிடைக்காத ஒன்றையும் அது கொடுத்துவிட்டது: பூட்டு. விரல் வைத்தால்தான் திறக்கும் என்றான பிறகு மனசைத் திறக்கப் பயம் குறைந்தது. 2023 டிசம்பரில் ஆப்பிள் தன் போனில் ஜர்னல் என்றே ஒரு செயலியைச் சேர்த்தது. கல்லூரி படிக்கும் பெண்கள் 'கிராட்டிட்யூட் ஜர்னல்' வாங்குகிறார்கள். நீட் எழுதும் பையன் கலர் பேனாவில் ப்ளானர் போடுகிறான். 1998-ல் தொடங்கி லிக்னைட் ஹால் வளாகத்தில் நடந்துவரும் நெய்வேலி புத்தகக் கண்காட்சியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். எழுத்து அவர்களுக்கு அந்நியமல்ல. "இன்னைக்கு ஆங்சைட்டியா இருந்தது", "நான் போதுமானவள்" என்று எழுத அவர்கள் கூச்சப்படுவதில்லை.

இதை வளர்ச்சி என்றே சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பக்கங்களில் இப்போது வேறொன்று காணாமல் போயிருக்கிறது. "மனசு சரியில்லை" என்று எழுதுகிறவர் என்ன நடந்தது என்று எழுதுவதில்லை. யார் என்ன சொன்னார், எத்தனை மணிக்கு, அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதற்கு இடமில்லை. பத்து நாள் எழுதியதைப் பிறகு புரட்டினால் பத்தும் ஒரே மாதிரி இருக்கும். வாட்ஸாப் ஸ்டேட்டஸில் கொட்டியதோ 24 மணி நேரத்தில் அழிந்துவிடும். அடுத்த வருஷம் திரும்பிப் பார்க்க ஒன்றுமிராது. ஒரு தலைமுறை நடந்ததை மட்டும் எழுதியது. அடுத்தது தோன்றியதை மட்டும் எழுதுகிறது.

ஆய்வு சொல்வது

1986-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த இடத்தைத்தான் தொட்டது. 46 கல்லூரி மாணவர்களை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிஷம் எழுதச் சொன்னார்கள். சிலர் தங்களை உலுக்கிய ஒரு சம்பவத்தின் விவரத்தை மட்டும் எழுதினார்கள். சிலர் அதைப் பற்றிய உணர்வை மட்டும். இன்னும் சிலர் இரண்டையும் சேர்த்து. மற்றவர்கள் ஏதோ ஒரு சாதாரண விஷயத்தை. எழுதி முடித்த கையோடு பார்த்தால் சம்பவத்தையும் உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் கலங்கிப்போயிருந்தார்கள். ஆனால் அடுத்த சில மாதங்களில் உடம்புக்கு முடியவில்லை என்று மருத்துவ மையத்தின் படியேறியது குறைந்ததும் அவர்களிடம்தான். அப்பாவின் பக்கமும் மகளின் பக்கமும் ஒன்று சேர்ந்தால் கிடைக்கும் பலன் அது.

பிறகு இதே வழியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகள் வந்தன. 2006-ல் அப்படி 146 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பலன் உண்மை, ஆனால் சராசரியாகப் பார்த்தால் சிறியது என்று தெரிந்தது. டைரி எழுதினால் எல்லா வியாதியும் போகும் என்று யூடியூபில் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். செலவில்லாத ஒரு பழக்கத்துக்குச் சிறிய பலனே லாபம்தான். நன்றிப் பட்டியலுக்கும் அடிப்படை இருக்கிறது. 2003-ல் எம்மன்ஸ், மெக்கலோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் வாரம் ஒரு முறை, பத்து வாரம், நன்றி சொல்லத் தோன்றும் ஐந்து விஷயங்கள்வரை எழுதச் சொன்னார்கள். தொல்லைகளைப் பட்டியல் போட்டவர்களைவிட இவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்கள்.

தூக்கத்தோடு மல்லுக்கட்டும் ஷிப்ட்காரர்கள் கவனிக்க வேண்டியது 2018-ல் பேலர் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு. 57 இளைஞர்களில் ஒரு பாதியினர் படுக்கும் முன் ஐந்து நிமிஷம், கடந்த சில நாட்களில் முடித்த வேலைகளை எழுதினார்கள். மறு பாதியினர் வரும் நாட்களில் செய்ய வேண்டியதை எழுதினார்கள். பாக்கியை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிஷம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. "அடுத்த ஷிப்டுக்கு என்ன பாக்கி" என்று லாக்புக்கில் எழுதிக் கையெழுத்து போட்டுவிட்டு எழுந்து போகிற மனிதரின் நிம்மதிதான் அது.

எழுதக் கூடாத நேரம்

எல்லா எழுத்தும் நல்லது செய்யும் என்பதில்லை. 2013-ல் அண்மையில் மண வாழ்க்கை முறிந்தவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், ஏற்கெனவே அதையே நினைத்துக் குமைகிறவர்களை உணர்வுகளை எழுதவைத்தபோது நிலைமை மோசமானது. சாதாரண அன்றாட விஷயங்களை எழுதியவர்கள் அவர்களைவிட நன்றாக இருந்தார்கள். புண்ணைத் திரும்பத் திரும்பக் கிளறுவதற்கும் திரும்பிப் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. எழுதி முடித்ததும் முன்பைவிட ஒரு சின்ன விஷயமாவது தெளிந்திருந்தால் அது திரும்பிப் பார்த்தது. ஒரே வரியைப் பத்தாம் நாளும் எழுதிக்கொண்டிருந்தால் அது கிளறல்.

இந்த ஊர் துக்கம் அறியாத ஊரல்ல. 2020 மே 7, ஜூலை 1 என்று இரண்டு மாத இடைவெளிக்குள் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் இரண்டு கொதிகலன் விபத்துகள் நடந்து, தொழிலாளர்கள் பலர் உயிரிழந்தார்கள். அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்தவரிடம் மறுநாளே நோட்டைக் கொடுத்து எழுதச் சொல்வது உதவியாகாது. பக்கத்தில் இருப்பதும், தூங்கவிடுவதும், அவராகப் பேசும்போது கேட்பதும்தான் முதல் உதவி. எழுதும்போது தாங்க முடியாமல் போனால் நிறுத்திவிடலாம். பேனாவை மூடுவது தோல்வியல்ல. வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ பிடிக்கவில்லை, உயிர் மேல் வெறுப்பு வருகிறது என்றால் நோட்டு போதாது. டாக்டரைப் பார்க்க வேண்டும். டெலி மானஸ் இலவச எண் 14416-ல் எந்த நேரமும் பேசலாம்.

வீட்டுக்கு ஒரு லாக்புக்

நெய்வேலிக்காரர்கள் இதற்காக வெளியூரிலிருந்து அச்சடித்த ஜர்னல் வாங்க வேண்டியதில்லை. கன்ட்ரோல் ரூம் லாக்புக்கின் வரிசையே போதும். ஒரு சாதாரண நோட்டில் நாலு வரி. முதல் வரியில் இன்று என்ன நடந்தது என்பதை நேரம், ஆள், இடத்தோடு எழுதலாம். இரண்டாவதில் அது தனக்கு எப்படி இருந்தது, உடம்பு எங்கே இறுகியது, எதற்குக் கோபம் வந்தது. மூன்றாவதில் அதற்குத் தான் செய்தது என்ன, ஏன் அப்படிச் செய்தது. நாலாவதில் நாளைக்குப் பாக்கி.

இதில் மூன்றாவது வரிதான் கடினம். கம்ப்யூட்டர் வால்வை எத்தனை மணிக்கு மூடினோம் என்று சொல்லும். ஏன் மூடினோம் என்பது மூடியவருக்குத்தான் தெரியும். அதேபோல மகன்மேல் கத்திய நேரத்தில் நாம் எங்கே இருந்தோம் என்பதைப் போன் சொல்லிவிடும். ஏன் கத்தினோம் என்பதை நாம் எழுதினால்தான் உண்டு. "மார்க் குறைந்ததற்காகக் கத்தினேன்" என்று தொடங்குகிற பேனா, எழுத எழுத, "ஆபீசில் டிரான்ஸ்ஃபர் பேச்சு அடிபட்டதிலிருந்தே எரிச்சலாக இருந்தேன்" என்று இறங்கும். அந்த இறக்கம் பேச்சில் அவ்வளவு எளிதாக வராது. பேசும்போது எதிரில் ஆள் இருக்கிறார், நம் நியாயத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நோட்டு எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

பூட்டு வேண்டுமென்றால் போனில் எழுதலாம். கைக்கு இதமாக இருந்தால் நோட்டில் எழுதலாம். அடுத்தவர் நோட்டைத் திறக்கக் கூடாது என்ற ஒரே விதியை வீட்டில் எல்லாரும் ஏற்றுக்கொண்டால் அதுவே பூட்டு. தினமும் முடியாதவர்கள் ஷிப்ட் மாறும் வார ஓய்வு நாளில் எழுதலாம். விட்டுப்போன நாளுக்கு வருத்தப்படத் தேவையில்லை.

எழுதுவதோடு வேலை முடிந்துவிடாது. மாதம் ஒரு முறை முன்பக்கங்களைப் புரட்ட வேண்டும். மெயின்டனன்ஸ் பிரிவில் பழகியவர்களுக்கு இது புரியும். ஒரே எந்திரத்தில் ஒரே பேரிங் மூன்று முறை போய்விட்டதாக லாக்புக் காட்டினால், நாலாவது முறையும் புதுப் பேரிங் போட்டு ஓட்டுகிறவர் நல்ல ஃபிட்டர் அல்ல. நல்ல ஃபிட்டர் ஷாஃப்ட்டின் அலைன்மென்ட்டைப் பார்ப்பார். மாதக் கடைசி என்றாலே மனைவியோடு சண்டை என்று மூன்று மாதம் நோட்டு காட்டினால் கோளாறு மனைவியிடமும் இல்லை, நம்மிடமும் இல்லாமல் இருக்கலாம். இ.எம்.ஐ. தேதியில் இருக்கலாம். நைட் ஷிப்ட் முடிந்த மறுநாளெல்லாம் பிள்ளைகளை அடித்திருந்தால், அன்றைக்கு முதலில் தூங்க வேண்டும், ரிப்போர்ட் கார்டை மறுநாள் பார்க்கலாம் என்று ஆகும். இதைக் கண்டுபிடிக்க அறிவுரை சொல்ல யாரும் வர வேண்டியதில்லை. நாமே எழுதியது நம் முன்னால் இருக்கிறது, பக்க எண்ணோடு.